முடிவு பார்க்காத படங்கள்

ஹட்டன் கொட்டகையில் நான் பார்த்த எந்தப் படத்துக்கும் முடிவு கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிற மஸ்கெலியாவுக்குப் போகிற கடைசி பஸ், படம் முடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். தொலைந்த பிள்ளை தாயை நெருங்கும் நேரம் பார்த்து அக்கா என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "எந்திரிடா, பஸ்ஸு போயிரும்!" அப்பா அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள் அவள். விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து நின்றால்தான் அவளுக்குக் கொழுந்தெடுக்க அன்றைய மலை கிடைக்கும்.

நானோ கொட்டகையில் உட்கார்ந்தே டைரக்டர் வேலை படித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு மண்டைக்கனம். ஒரு படத்தில் சாவுச் செய்தி வந்ததும், அழுகிறவளைக் காட்டாமல் அவள் கையிலிருந்து நழுவிய செம்பைக் காட்டினார்கள். அடடா என்று தொடையைத் தட்டினேன். பக்கத்து ஆள் முறைத்தான். போய்யா, உனக்கென்ன தெரியும்!

அந்த வருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழா நாடகம் என் கைக்கு வந்தது. "சனம் பாதியில எந்திரிச்சுப் போச்சுன்னா அடுத்த வருசம் ஒனக்கு மேடை இல்ல, பழையபடி கூத்துதான்" என்றார் கோயில் தலைவர். சினிமாவில் போல முகத்தைக் கிட்டத்தில் காட்ட ஆசை. பெட்ரோமாக்ஸ் விளக்கை நானே தூக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே நகர்ந்தேன். யாரைப் பார்க்க வேண்டுமோ அவர் பக்கம் வெளிச்சம் போகும்.

கடைசிக் காட்சிதான் உயிரை வாங்கியது. ஓடிப்போன மகன் திரும்பி வருகிறான். தாய் வேஷம் கட்டியவர் தேயிலை ஸ்டோரில் வேலை செய்கிற அண்ணன் ஒருவர். ஒத்திகையில் சேலையோடு நின்று, "இப்ப நான் என்னா செய்யணும், தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்தால்தானே! பிரிவதை விதவிதமாகப் பார்த்திருந்தேன். சேருவதை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா சட்டையை இழுத்தபோது உதறிவிட்டேன். "நீ போ" என்றேன். அவள் போனாள். நான் முடிவைப் பார்த்தேன். தாய் ஓடி வந்து கட்டிக்கொண்டாள், எல்லாரும் வரிசையாக நின்று சிரித்தார்கள். அட, இவ்வளவுதானா! சிறுத்தை நடமாடுகிற ரோட்டில், மழையில், அந்தப் படத்தை எடுத்தவனைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

லயத்து வீட்டுக்கு வந்தபோது விடிந்து பெரட்டு கலைந்திருந்தது. அக்கா வேலைக்குப் போகவில்லை, வாசலில் நின்றாள். என்னைக் கண்டதும் பளாரென்று ஓர் அறை. உடனே உள்ளே போய் ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். நான் செத்தே போனேன் என்று நினைத்திருக்கிறாள். நான் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டேன்.

திருவிழாவில் தாய், மகனை அறைந்தாள். பிறகு ரொட்டித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். விளக்கை அந்தக் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் உடைந்து வந்தது. "பத்தாது! இன்னொன்னு போடுங்க அவனுக்கு!"

அக்காவின் குரல்! எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ, விளக்கை அப்படியே அக்கா பக்கம் திருப்பிவிட்டேன். மேடை இருட்டிக் கிடந்தது. சனமெல்லாம் அவளைப் பார்த்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கத்தினாள்.

"என்னைய ஏன்டா காட்டுற? அங்கிட்டுப் புடிடா!"