மூச்சுத்துளையில் ஒரு மஃப்ளர்

மோர்மிளகாய் எண்ணெயில் கருகும் நெடி. அமெரிக்காவில் எங்கள் ஜனம் நிறைந்த மான்மவுத் ஜங்ஷனில் எந்த அடுக்ககத்தின் கதவிடுக்கிலிருந்து வந்தாலும் அது முதலில் என் மூக்கில் ஏறும், பிறகு தொண்டையில் உட்காரும், அதற்குள் என் வலது கை தானாக மேலே போயிருக்கும். கூரையில் அலாரம் இருக்கிறதா, அதன் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று தேடும். போன வாரம் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் அப்படிக் கையைத் தூக்கியபடி நின்றுவிட்டேன். கதவைத் திறந்த பெண் நான் ஒட்டடை அடிக்க வந்தவள் என்று நினைத்திருக்கலாம். நினைக்கட்டும். அந்த நெடியில் மற்றவர்களுக்குத் தயிர் சாதம் ஞாபகம் வரும். எனக்கு என் அண்ணனின் முகம் வருகிறது, பனியில் சாக்ஸோடு நின்ற முகம்.

மூன்று குளிர்காலமாக நான் ஒரு பழைய படகில் குடியிருக்கிறேன். நியூ ஜெர்சிக் கரை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க்கின் கண்ணாடிக் கட்டடங்கள் சாயங்காலத்தில் பற்றிக்கொண்டது போல நிற்கும். டிசம்பர் வந்தால் படகுத்துறையில் இருக்கிற நாங்கள் எல்லோரும் படகைத் தலையோடு கால் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இழுத்து மூடிவிடுவோம். வெளியே பனி விழும் சத்தம் கூடக் கேட்காது. உள்ளே பகல் முழுக்கப் பால் நிறம். விவாகரத்துக்குப் பிறகு எனக்கு அப்படி ஒரு நிறம் தேவைப்பட்டது. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒருவருக்கும் காதில் ஏறவில்லை.

எல்லோருக்கும் ஏறியது அடுப்பு மட்டும்தான். "கரி அடுப்பா?" கோயிலில் ஒரு ஆன்ட்டி, சுண்டலை மென்றுகொண்டே கேட்டார். "ஊர்லயே கேஸ் வந்துடுத்து. நீ அமெரிக்கா வந்து கரி ஊதறியா?" ஊதவில்லை ஆன்ட்டி. ஊதினால் அணைந்துவிடும். பக்கத்துப் படகுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஹீட்டர் போட்டால் துறையின் கரண்ட் டப்பென்று போய்விடும். அந்தக் குளிரில் கரண்டை நம்பிப் படுப்பவள் காலையில் எழுந்திருப்பாளா என்பதே சந்தேகம். அதனால் இரும்பு அடுப்பு, ஒரு முக்காலி உயரம். அதில் பென்சில்வேனியா மலையிலிருந்து வரும் கெட்டி நிலக்கரி. புகை கிடையாது, வாசனை கிடையாது. நீல நிறத்தில் சின்னச் சின்ன நாக்குகள், அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு, அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் ஆனது. காலையும் மாலையும் அடித்தட்டை ஆட்டிச் சாம்பலை இறக்க வேண்டும். குறைவாக ஆட்டினால் மூச்சடைக்கும், அதிகமாக ஆட்டினால் கோபித்துக்கொண்டு செத்துவிடும். சாம்பலை மூடிபோட்ட இரும்பு வாளியில்தான் கொட்ட வேண்டும், ஆறிவிட்டது என்று கண்ணை நம்பக் கூடாது. வெளியே புகைபோக்கியின் தொப்பியில் பனி சேர்ந்தால் கரண்டியோடு ஏறித் தட்டிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கேபின் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துவாரம். அதை மட்டும் மூடவே கூடாது. அதன் வழியே ஊசி ஊசியாகக் குளிர் இறங்கும். இறங்கட்டும். அந்தக் காற்றைக் குடித்துத்தான் அடுப்பு எரிகிறது. அதை அடைத்தால் அடுப்பு தன் நச்சு மூச்சை அறைக்குள்ளேயே விடும். நிறமில்லாத, மணமில்லாத கார்பன் மோனாக்சைடு. முதலில் தலைவலி. பிறகு தூக்கம். பிறகு ஒன்றும் இல்லை.

இந்த மூன்றாவது குளிர்காலத்தில்தான் என் மகள் கேட்டாள். பதினான்கு வயது, வெஸ்ட் வின்ட்சரில் அப்பாவோடு இருக்கிறாள். "அம்மா, விண்டர் பிரேக்ல போட்லயே ஸ்டே பண்ணவா? டென் டேஸ், ப்ளீஸ்?" பத்து நாள். பிரிந்த பிறகு அவள் என்னோடு சேர்ந்தாற்போல் மூன்று நாளுக்கு மேல் தங்கியதில்லை. அவள் அப்பா முடியாது என்று சொல்லவில்லை; அவர் எப்போதும் நேராக முடியாது என்று சொல்லமாட்டார். "உங்க அண்ணன் வந்து பாத்து, சேஃப்னு சொன்னா அனுப்பறேன்" என்றார். என் படகு, என் மகள். அது சேஃப்பா என்று சொல்ல வேண்டியது என் அண்ணன். அந்த வாக்கியத்தை இப்போது எழுதும்போதும் என் பல் கூசுகிறது.

அண்ணன் மென்பொருள்காரர். எதையும் எக்செல் ஷீட் இல்லாமல் பார்க்கமாட்டார். முதல்நாள் பனி கொட்டி ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெரூன் மஃப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு, கையில் அண்ணி கொடுத்தனுப்பிய தயிர் சாத டப்பாவும் டேப்லெட்டுமாக இறங்கினார்.

"ஏய், என்னடி இது, இட்லிப் பானைக்குள்ள எறங்கின மாதிரி இருக்கு."

"தலையக் குனிஞ்சு வாண்ணா, இட்லிக்கு மண்டை ஒடையப் போகுது."

உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். "லைஃப் ஜாக்கெட்?" இருக்கு. "ஃபயர் எக்ஸ்டிங்விஷர்?" ரெண்டு. "எக்ஸ்பைரி டேட் காட்டு." காட்டினேன். "ஸ்மோக் அலாரம், கார்பன் மோனாக்சைடு அலாரம்?" இரண்டும் ஒன்றாக இருக்கிற அலாரம், அடுப்புக்கு மேலே சற்றுத் தள்ளி. "டெஸ்ட் பண்ணு." பொத்தானை அமுக்கினேன், வீறிட்டது. டேப்லெட்டில் பச்சை டிக் விழுந்தது. துவாரத்தைப் பற்றியும் விளக்கினேன். அதற்கு அவர் ஷீட்டில் கட்டம் இல்லை. "ஓகே ஓகே" என்று தலையாட்டினார். வீட்டில் குழந்தைகள் பேசினால் ஆட்டுகிற அதே ஆட்டல்.

அடுத்ததாக அவருக்குப் பசித்தது. "மோர்மிளகாய் குடுத்து விட்ருக்கா, வறுத்துக்கவா? அது இல்லாம தயிர் சாதம் எறங்காது."

"வறுத்துக்கோ. வாணலி அங்க இருக்கு. நான் கார்லேர்ந்து ரெண்டு மூட்டை கரி எடுத்துண்டு வந்துடறேன்."

கார் நிற்கிற இடம் துறையின் கடைசியில். தள்ளுவண்டியின் சக்கரம் பனியில் உறைந்து கிடந்தது, அதை உதைத்து விடுவித்தேன். நடைபலகையில் பாதி வழியில் ஒரு மூட்டை சரிந்து விழுந்தது. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். திரும்பும்போது பிளாஸ்டிக் கூடாரத்துக்கு வெளியிலேயே மிளகாய் நெடி. இருமிக்கொண்டே ஜிப்பைத் திறந்து இறங்கினேன். உள்ளே வெதுவெதுப்பு, அமைதி. அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், மடியில் பாதி தின்ற டப்பா.

"ஏன்டி இவ்ளோ லேட்டு? தலைய வலிக்குது. ஒரு காபி போடேன்."

தலைவலி. அடுப்பைப் பார்த்தேன். நீல நாக்குகள் இல்லை; கரி மங்கிச் சிவந்து, முகம் வீங்கிய மாதிரி கிடந்தது. கூரையைப் பார்த்தேன். அலாரம் இருந்த இடத்தில் இரண்டு திருகாணிகள். அலாரம் மேஜையில் மல்லாந்து கிடந்தது, முதுகு திறந்து, வயிறு காலியாக. துவாரத்தைப் பார்த்தேன். மெரூன் மஃப்ளர், அழகாக மடித்து, ஒரு இழை வெளியே தெரியாமல் திணித்திருந்தது.

"எழுந்திரு."

"என்ன?"

"வெளிய வாண்ணா, எழுந்திரு, இப்ப!"

"ஷூ போட்டுக்கறேன் இரு..."

"ஷூவும் வேணாம் மண்ணும் வேணாம்!" சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். வாழ்நாளில் அவரை நான் தொட்டு இழுத்தது அதுதான் முதல் தடவை. நான்கு படி ஏணியில் மூன்றாவது படியில் அவர் முழங்கால் மடங்கியது. கீழேயிருந்து முட்டித் தள்ளினேன். நடைபலகைப் பனியில், சாக்ஸோடு, குனிந்து தயிர் சாதத்தை வாந்தி எடுத்தார். வெள்ளைமேல் வெள்ளை. போனில் அவசர எண்ணை உடைப்பது போல் அழுத்தினேன். எனக்கு அவ்வளவு கோபம்.

மருத்துவமனையில் ஆக்ஸிஜன் வைத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், நல்லவேளை நேரத்தோடு வந்தீர்கள் என்றார்கள். நிறம் திரும்பியதும் அண்ணனுக்கு வாயும் திரும்பியது. மாஸ்க்கைத் தூக்கித் தூக்கிச் சண்டை போட்டார்.

"பாத்தியா, எவ்ளோ டேஞ்சரஸ்! இதுலயா கொழந்தைய வச்சுக்கப் போற?"

"அலாரத்த ஏன் கழட்டின?"

"மொளகா போட்டதும் கத்தித்து. காது கிழியறது. எல்லாரும் பண்றதுதானே? எங்க வீட்ல அது ஆறு வருஷமா ட்ராயர்லதான் இருக்கு. ஒண்ணும் ஆகல."

"நீதானே டிக் போட்ட? அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, நீதானே டெஸ்ட் பண்ணுன்னு சொன்ன?"

"டிக் போட்டது நெருப்புக்கு. இது தாளிப்பு."

நர்ஸ் வந்து மாஸ்க்கை அமுக்கிவிட்டுப் போனாள். நல்ல பெண்.

எனக்கு அடங்கவில்லை. இந்த ஊரில் எங்கள் ஜனம் முழுக்க இப்படித்தான் வாழ்கிறது. பள்ளிக்கூடத்துக்கு ரேட்டிங் பார்ப்போம், காருக்கு ஏர்பேக் எண்ணுவோம், குழந்தையின் சைக்கிள் ஹெல்மெட்டுக்கு நாற்பது ரிவ்யூ படிப்போம். ஞாயிற்றுக்கிழமை கடுகு வெடித்தால் மட்டும் உயிர் காக்கிற கருவியைத் துடைப்பக்கட்டையால் குத்தி இறக்கி ட்ராயரில் போட்டுவிடுவோம், பழைய சாவிகளோடும் சாஸ் பாக்கெட்டுகளோடும். வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் ரசம் வைக்கிற நாளெல்லாம் அலாரத்தை இறக்க என் மகளின் அப்பாதான் நாற்காலி போட்டு ஏறுவார். அவர் எனக்கு சேஃப்டி சொல்கிறார். குளிர் வந்தால் காதை மூடுவோம், கதவிடுக்கை மூடுவோம், காற்று என்றாலே திருடன் மாதிரி. காற்று வந்து என்னதான் திருடிக்கொண்டு போய்விடும்?

நானும் அதே வீட்டில் அலாரத்துக்குக் கீழே நின்று புகையைத் துண்டால் விசிறியவள்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். அடுப்புக்கும் தாளிப்புக்கும் ஒரே அலாரத்தை மாட்டியது என் முட்டாள்தனம். மோர்மிளகாய் வறுக்கச் சொல்லிவிட்டு, அவர் கையையும் என் கூரையையும் தனியே விட்டுப் போனதும் நான்தான். அந்த ஆத்திரம் இன்னொரு தினுசு, அதைக் காட்ட எதிரே ஆள் கிடையாது.

மதியம் தாண்டி மாஸ்க்கை எடுத்தார்கள். அண்ணன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவருக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நடந்தத சொல்லு."

"நடந்தத சொன்னா அவ வரமாட்டா. தெரியுமோல்லியோ?"

"பாதி சொன்னா வரமாட்டா. முழுசா சொல்லு."

ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் என் மகளின் அப்பா குரல். "இங்க ஒரு சின்ன இன்சிடென்ட் ஆய்டுத்து" என்று அண்ணன் ஆரம்பித்தார். "அந்த அடுப்பு இருக்கே..." நிறுத்தினார். தீயணைப்புக்காரர்கள் துவாரத்திலிருந்து உருவிக் கொடுத்த அவர் மஃப்ளரைக் கட்டிலுக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தேன், அவ்வளவுதான். அதை ஒரு தடவை தடவினார். "அடுப்பு மேல தப்பில்ல. குளிர்றதுன்னு காத்து வர்ற தொளைய நான் அடைச்சுட்டேன். அலாரம் பேட்டரியையும் நான்தான் புடுங்கினேன். அவ சரியாத்தான் வச்சிருந்தா. நான் இப்ப பேசறது அவ வந்து இழுத்ததாலதான்."

வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் மைக்ரோவேவ் மணி அடிப்பது கேட்டது.

"ரெண்டாவது அலாரம் ஒண்ணு, படுக்கை பக்கத்துல வைக்கச் சொல்லு," என்றார் கடைசியில். "வச்சா அனுப்பறேன்."

சொல்லு. நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன், என்னிடம் சொல்லச் சொல்கிறார். வாயைத் திறந்தேன். பத்து நாள் என்று நினைத்துக்கொண்டு மூடினேன்.

வாசலில் அண்ணி காரை ஓடவிட்டு நின்றிருந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அது யார்மேல் கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணன் மருத்துவமனை கொடுத்த காகிதச் செருப்போடு பனியைத் தாண்டித் தாண்டி நடந்தார். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவர் நின்று, பேன்ட் பையைத் துழாவினார். சின்னச் சதுர பேட்டரி. உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"இந்தா. இது உன்னோடது."

"நீயே வச்சுக்கோண்ணா. உங்க வீட்டு அலாரம் இன்னும் ட்ராயர்லதான் கெடக்கு."