அந்நியர்களின் ரிப்போர்ட்டுகள்

அப்பாவுக்குக் காய்ச்சல் விடவில்லை. செந்துறையிலிருந்து பெரம்பலூருக்கு, ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ரத்தம் எடுத்து வெகுநேரமாகியும் ரிப்போர்ட் வரவில்லை. பிளேட்லெட் எவ்வளவு என்று தெரியாமல் டாக்டர் எதுவும் சொல்ல மாட்டார். "இன்னும் எவ்ளோ நேரம் பாப்பா?" என்று அப்பா முனகிக்கொண்டே இருந்தார்.

லேப் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"டெஸ்ட்டு முடிஞ்சிருச்சுக்கா. கம்ப்யூட்டர்லதான் ஏற மாட்டேங்குது. காலையிலேருந்து இப்படித்தான்" என்று திரையை என் பக்கம் திருப்பினாள்.

சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச்செய்தி. அதில் எங்கள் மென்பொருளின் பெயர் இருந்தது.

பெரிய மென்பொருளைச் சின்னச் சின்ன நிரல்களாகப் பிரித்து எழுதுவார்கள். அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ள உதவும் சட்டகம் ஒன்றை, வேலை நேரம் போக, நானும், நான் நேரில் பார்த்திராத சிலரும் சேர்ந்து பராமரிக்கிறோம். ஓபன் சோர்ஸ் என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். யார் எடுத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அது சார்ந்திருந்த, வேறு யாரோ எழுதிய ஒரு லைப்ரரியில், அதாவது நிரல் தொகுப்பில், வெளியாள் புகுந்து தகவல்களைத் திருடக்கூடிய ஓட்டை ஒன்று தெரியவந்தது. அதை அடைத்த புதிய பதிப்புக்கு எங்கள் சட்டகத்தை மாற்றி, முந்தின இரவுதான் வெளியிட்டிருந்தேன். ஏதாவது ஒரு கட்டம் காலியாக இருந்தால் புதிய பதிப்பு அந்தப் பதிவு முழுவதையுமே ஏற்காமல் தள்ளிவிடும் என்பது அந்தத் திரையைப் பார்த்த பிறகே புரிந்தது. அப்பாவின் பதிவில் மின்னஞ்சல் கட்டம் காலி. அங்கே காத்திருந்த முக்கால்வாசிப் பேருக்கும் காலிதான்.

"ஈமெயில் போட்டுப் பாருங்க" என்று என்னுடையதைச் சொன்னேன். உடனே ரிப்போர்ட் வந்துவிட்டது. குறைவுதான், ஆனாலும் பயப்பட வேண்டாம் என்றார் டாக்டர். அப்பாவுக்கு டிரிப்ஸ் போட்டுப் படுக்கவைத்தார்கள்.

திரும்பி வந்தபோது கவுன்ட்டர் பெண் சிரித்தாள். "எல்லாருக்கும் உங்க ஈமெயிலயே போட்டுட்டேன்க்கா. கூட்டம் கலஞ்சிருச்சு பாருங்க."

என் கைப்பேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. யார் யாருடைய பெயரோ, வயதோ, சர்க்கரையோ, சிறுநீரகமோ. அவளைத் திட்டவும் முடியவில்லை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு எல்லோரும் நிம்மதியாகப் போயிருந்தார்கள்.

மாடிப்படியில் உட்கார்ந்து பிழையைத் திருத்தினேன். எங்கள் குழுவில் ஒருவர் சரிபார்த்ததும் வெளியிட்டுவிட்டு, கவுன்ட்டரில் ஒட்டியிருந்த கம்பெனி எண்ணுக்குப் போன் செய்தேன். அந்த லேப் மென்பொருளைச் செய்து கொடுத்தவர்கள் அவர்கள்.

"பழைய வெர்ஷனுக்கே மாத்திட்டோம் மேடம். இனிமே ப்ராப்ளம் வராது" என்றார் போனை எடுத்தவர்.

"பழசுல ஓட்ட இருக்குங்க. பேஷன்ட் விவரத்த யாரு வேணா எடுத்துடலாம். திருத்தி இப்பதான் புதுசு விட்டிருக்கோம்."

"ஓடுதுல்ல மேடம்? ஓடுறத எதுக்குத் தொடணும்? நீங்க யாரு?"

"அத எழுதுறவங்கள்ல ஒருத்தி."

"டிக்கெட் போடுங்க, பாக்கறோம்" என்று வைத்துவிட்டார். அவர்கள் இணையதளத்தில் புகாராக டிக்கெட் போட்டேன். பதில் இல்லை. இன்னொன்று போட்டேன்.

அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் அந்த நோயாளிகள் மறுபடி பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் ரிப்போர்ட் எனக்கும் வந்தது. என் முகவரியை எடுத்துவிடும்படி கவுன்ட்டர் பெண்ணிடம் கேட்டேன். "ஒருதடவ ஏத்திட்டா எங்களால மாத்த முடியாதுக்கா. கம்பெனிதான் பண்ணணும்" என்றாள்.

திறக்காமலே அழித்துவிடுவேன். என்றாலும் முதல் வரி கண்ணில் பட்டுவிடும். ஆண்டிமடத்துப் பெண் ஒருவருக்கு, சிறுநீரகக் கோளாற்றைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போனது. அவரைக் கூப்பிட்டு நான் என்ன சொல்ல? யாரென்று சொல்லிப் பேச?

கொஞ்ச காலமாக அவர் பெயரில் எதுவும் வரவில்லை. வேறு மருத்துவமனைக்கு மாறியிருக்கலாம். மற்றவர்களுடையவை வந்துகொண்டுதான் இருக்கின்றன.