ஞாயிற்றுக்கிழமை தர்ணா

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தர்ணாவில் உட்கார்ந்திருந்தேன்.

நானா? நானேதான். மைக் செட் சத்தம் கேட்டாலே அடுத்த தெரு வழியாகச் சுற்றிப் போகிற ஆள் நான் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் கூப்பிட்டது என் தங்கை கலைச்செல்வி. நன்னிலம் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர். பள்ளி ஊழியர் சங்கத்தில் பொருளாளர் வேறு. "நீ ஒண்ணும் பேச வேணாங்க்கா, சும்மா வந்து உக்காந்தா போதும். பேப்பர்ல எழுதுறவங்க வந்திருக்காங்கன்னா ஒரு மதிப்புதானே" என்றாள். தஞ்சாவூரிலிருந்து விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.

விஷயம் இதுதான். கல்விக்கு ஒதுக்குகிற பணத்தை அரசாங்கம் குறைத்துவிட்டது. சிக்கனமாம். சிக்கனத்தை எங்கிருந்து ஆரம்பிப்பார்கள்? கீழே இருந்துதான். வாட்ச்மேன், லேப் அட்டெண்டர், துப்புரவுப் பணியாளர் - இவர்களில் யார் ரிட்டயர் ஆனாலும் அவரோடு அந்த வேலையும் போய்விடும். புது ஆள் கிடையாது.

தங்கையின் பள்ளியில் அப்படிப் போகவிருந்தவர் மரியபுஷ்பம். வகுப்பறைகளைப் பெருக்கி, கழிப்பறை கழுவுகிறவர். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மெண்ட்.

பக்கத்து ஊர்ப் பள்ளியில் இதே கதை முன்பே நடந்திருக்கிறது. துப்புரவுப் பணியாளர் ஓய்வுபெற்றார். கழுவ ஆள் இல்லை. நாற்றம் வகுப்பறை வரைக்கும் வந்தது. ஹெட்மாஸ்டர் என்ன செய்வார், பாவம்... பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். கொஞ்ச நாளில் பெரிய வகுப்புப் பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். தங்கையின் பள்ளியில் அது நடக்கக் கூடாது. அதற்குத்தான் தர்ணா.

கல்வி அலுவலகத்து வாசலில் போய் இறங்கினால், கேட்டில் பெரிய பூட்டு. எந்த ஊர் அலுவலகம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

"ஏன்டி, ஆபீஸ் பூட்டிக் கெடக்கு?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழமைல்லக்கா."

"அப்ப யாரைப் பாத்துடி தர்ணா?"

தங்கை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "வேலைநாள்ல வெச்சா புள்ளைங்களுக்குப் பாடம் போயிடும்க்கா. அரையாண்டுப் பரீட்சை வருது. எல்லாரும் கலந்து பேசித்தான் லீவு நாளா வெச்சோம்."

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. பஸ்காரர்கள் ஸ்ட்ரைக் என்றால் நாம் நடுரோட்டில் நிற்கிறோம். பேங்க்காரர்கள் ஸ்ட்ரைக் என்றால் செக்கைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கிறோம். ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தொந்தரவு இல்லாமல் போராடுகிறவர்கள் உண்டென்றால் அது இவர்கள்தான்.

உட்கார்ந்த அழகையும் சொல்ல வேண்டும். வரிசை வரிசையாக, பிரேயருக்கு நிற்கிற மாதிரி, குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால். சங்கச் செயலாளர் சம்சுதீன், பி.டி. வாத்தியார். கழுத்தில் விசில். ஒரு விசிலுக்குக் கோஷம் ஆரம்பம், இரண்டு விசிலுக்கு நிறுத்தம். தாமதமாக வந்த கணக்கு வாத்தியார் ஒருவர் யாரும் சொல்லாமலேயே ஓரமாகப் போய் நின்றுகொண்டார். உள்ளே கேட்க ஆளே இல்லை. வாட்ச்மேன் மட்டும் கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். ஒரு நிருபர் வந்தார், இரண்டு போட்டோ எடுத்தார், நகைக்கடைத் திறப்பு விழா இருக்கிறது என்று ஓடிவிட்டார்.

மரியபுஷ்பம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளுத்த நீலச் சேலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை.

"இன்னிக்குப் பூசைக்குப் போவலம்மா" என்றார். "ஆண்டவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஃபாதர்தான் கேப்பாரு."

"நீங்கதான் ரிட்டயர் ஆவப்போறீங்களே, புஷ்பம். உங்களுக்கு இதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எம்பொண்ணு இதே ஸ்கூல்லதாம்மா படிச்சா. அப்ப நான் வகுப்பு மட்டும்தான் கூட்டுவேன். கக்கூஸே கெடையாது. பின்னாடி கருவைக்காடு, அங்கதான் போவணும். வயசுக்கு வந்த புள்ள. ஒரு நாளு ரோட்டுல போற பயலுவ நின்னு பாத்துட்டானுவ. அழுதுகிட்டே வந்துச்சு. நாந்தான், போதும்டி படிச்சதுன்னு நிறுத்திப்புட்டேன்."

"இப்ப எங்க இருக்கு?"

"குவைத்துல. வீட்டு வேலைக்கு. அங்க எத்தினி பாத்ரூம் கழுவுறாளோ... கேட்டா சொல்ல மாட்டா. நல்லாருக்கேம்மாங்குறா. அவ்ளோதான்."

அவரே தொடர்ந்தார்.

"அப்புறம் கக்கூஸ் வந்துச்சு. அன்னிலேர்ந்து நான் கழுவுறேன். அதுக்காவ ஒரு புள்ளையும் படிப்ப விடலம்மா. இனிமே விட்டுருங்களோன்னுதான்..."

அந்தக் கழிப்பறையைக் கட்டிக் கொடுத்தவர் துபாயில் கடை வைத்திருக்கும் உள்ளூர்க்காரர். நல்ல மனிதர். டைல்ஸ், தண்ணீர்த் தொட்டி, வாசலில் அவருடைய அப்பா பெயரில் பளிங்குக் கல்வெட்டு. துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியுமா என்று தங்கை அவரிடம் போனில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். "இன்னொரு ரூம் வேணாலும் கட்டித் தர்றேன் டீச்சர். மாசாமாசம் சம்பளம்னா... அது கவர்மெண்ட் பாக்கணும்ல" என்றாராம். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இந்தக் காலத்தில் கட்டடத்துக்கு ஆள் கிடைக்கிறார்கள், கம்ப்யூட்டருக்கு ஆள் கிடைக்கிறார்கள். சம்பளத்துக்குத்தான் யாரும் கிடைப்பதில்லை. அதற்குக் கல்வெட்டு வைக்க முடியாதே.

சரி, தர்ணாவுக்கு வருகிறேன். மத்தியானம் சம்சுதீன் நீளமாக ஒரு விசில் ஊதினார். எல்லோரும் எழுந்து ஜன கண மன பாடினார்கள். ஆமாம், தர்ணா முடிவில்.

அதற்கப்புறம்தான் அது நடந்தது. மரியபுஷ்பம் வாட்ச்மேனிடம் துடைப்பம் கேட்டு வாங்கி, உட்கார்ந்த இடத்தைப் பெருக்க ஆரம்பித்தார். அதைப் பார்த்து டீச்சர்கள் குனிந்து டீ கப்புகளைப் பொறுக்கினார்கள். நோட்டீஸ் ஒன்று விடாமல் எடுத்து அடுக்கினார்கள். பேனரை அவிழ்த்து மடித்தார்கள். மதிலில் ஒட்டியிருந்த போஸ்டரைக்கூட சம்சுதீன் தண்ணீர் தெளித்துப் பதமாக உரித்தெடுத்தார்.

"அது இருந்துட்டுப் போவட்டுமே சார்" என்றேன்.

"கவர்மெண்ட் சுவருங்க" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் பேப்பரில் நகைக்கடை வந்தது. தர்ணா வரவில்லை.

அன்று சாயங்காலம், கடைசி மணி அடித்த பிறகு, தங்கையும் சம்சுதீனும் அதிகாரியைப் பார்க்கப் போனார்கள். அவர் நல்லபடியாகத்தான் உட்காரச் சொல்லியிருக்கிறார்.

"தர்ணாவா? எப்ப?"

"நேத்து சார். இங்கதான், உங்க கேட்டு வாசல்ல."

"அப்படியா? காலையில வந்தப்ப ஒரு காயிதம்கூட இல்லியே. வாசல் பளிச்சுனு இருந்துச்சு. வாட்ச்மேனைக்கூட பாராட்டுனேன்."

வாட்ச்மேன் வாயைத் திறக்கவில்லை. அவருக்கும் வேலை வேண்டுமே. அதிகாரி கடைசியில், மேலேயிருந்து வருகிற ஆர்டர், தன் கையில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். தங்கை இதை போனில் சொல்லும்போது ஆரம்பத்தில் சிரித்தாள். பாதியில் குரல் உடைந்துவிட்டது.

மாதக் கடைசியில் மரியபுஷ்பத்துக்கு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். அடுத்த நாள் காலையில் அவர் வழக்கம்போல வாளியோடு வந்து நின்றிருக்கிறார். சம்பளம் வேண்டாம், சும்மா கழுவிவிட்டுப் போகிறேன் என்று. ஓய்வுபெற்றவரை உள்ளே விட்டு வேலை வாங்கினால் ஆடிட்டில் கேள்வி வரும் என்று ஹெட்மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். அப்புறம் டீச்சர்கள் முறைவைத்துக் கழுவிப் பார்த்தார்கள். பாடம் நடத்துவதை விட்டுவிட்டு இது என்ன வேலை என்று மேலேயிருந்து அதற்கும் ஒரு கேள்வி வந்தது. கொஞ்ச நாள் நாறியது.

இப்போது பூட்டு.

பின்னால் கருவைக்காடும் இல்லை. வெட்டிச் சமன் செய்து, கல் நட்டு, பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

போன வாரம் தங்கை வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே இருந்தவள் பாதியில் கையை நிறுத்தினாள்.

"அக்கா, பத்தாவது பொண்ணுங்க காலைல வீட்டுலேர்ந்து தண்ணி பாட்டில் கொண்டாருதுங்க இல்ல... சாயங்காலம் அப்படியே, நெறைஞ்ச பாட்டிலாவே திருப்பி எடுத்துட்டுப் போவுதுங்க."

காவேரித் தண்ணீர் பாய்கிற ஊர். பெண் பிள்ளைகள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு பேர் வயிற்றுவலி என்று நின்றுவிட்டார்களாம். இதற்குப் பெயர் சிக்கனம்!

அன்று எனக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த தர்ணாவை வேலைநாளிலேயே வைப்பது என்று சங்கத்தில் ஒருவழியாக முடிவு செய்துவிட்டார்கள். மரியபுஷ்பமும் வருகிறார். நானும் போகிறேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்...

முடிந்ததும் யாரும் துடைப்பத்தைத் தொடக் கூடாது.