கந்தசட்டியும் அவித்த முட்டையும்

பவளக்கா எங்கள் வீட்டு வாசல் ஒழுங்கையில் மயங்கி விழுந்த நேரத்தில் என் வாய்க்குள் அவித்த முட்டை இருந்தது.

அன்று கந்தசட்டி விரதத்தின் நான்காம் நாள். ஆறு நாளும் மிளகும் தண்ணீரும் மட்டும் எடுத்து நான் கடும் விரதம் இருப்பதாக ஊர் நம்பிக்கொண்டிருந்தது. அப்படிச் சொன்னவள் நான்தான். அதை நம்பித்தான் எங்கள் அயல்வீட்டுப் பவளக்காவும் மிளகும் தண்ணீருமாகக் கிடந்தார். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதுவும் எனக்குத் தெரியும்.

போன வருடம் நடந்தது இது. இன்றுதான் வாய் திறக்கிறேன்... எழுத எழுத, பயத்தைவிட நிம்மதிதான் கூடுதலாக வருகிறது. வெட்கம் கெட்டவள் என்று நினைப்பீர்களோ? நினையுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டு நினையுங்கள்.

கொடிகாமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நான் கணக்குப் படிப்பித்த ஆசிரியை. மோட்டார் சைக்கிளில் கணவரின் பின்னால் இருந்து பள்ளிக்கூடம் போன ஒரு காலையில், தெருவில் விழுந்து முள்ளந்தண்டில் அடிபட்டது. அதன்பின் கால்கள் என் சொல் கேட்பதில்லை. கட்டிலில் இருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து கழிப்பறைக்கு... எல்லாவற்றுக்கும் இவர்தான் என்னைத் தூக்கினார். பின்னேரங்களில் வீட்டில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறேன். அதனால் ஊருக்கு இன்னும் நான் ரீச்சர்தான்.

நடக்க முடியாத ஒருத்திக்கு ஊர் என்ன செய்யும்? சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும். பால்ரொட்டி வரும், பனங்காய்ப் பணியாரம் வரும், கோயில் மோதகம் வரும். "பாவம், அவவுக்கு வேறை என்ன சந்தோசம் இருக்கு" என்று படலையடியில் கதைப்பது எனக்குக் கேட்கும். கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. தின்றுவிட்டு இருந்த இடத்திலேயே இருந்தேன். உடம்பு வேறு எங்கே போகும்? பெருத்தது.

பிறகு இவருக்குக் குடலிறக்கம் வந்து வெட்டினார்கள். இனிப் பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த மனிதர், தையல் காய்ந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் என்னைத் தூக்கினார். நான் மெலியாவிட்டால் இந்த மனிதர் கிடையில் விழப் போகிறார் என்று அப்போது விளங்கியது. இரண்டு பேரும் கிடையில் கிடந்தால் யாரை யார் பார்ப்பது?

ஆசுப்பத்திரியில் எனக்குப் பயிற்சி தருகிற பிள்ளையிடம் கேட்டேன். காலாலே ஒன்றும் செய்ய முடியாதவள் எப்படியம்மா மெலிகிறது?

"ஓடி நடந்து குறைக்க ஏலாது ரீச்சர். வாயைத்தான் கட்ட வேணும்," என்றாள். "ஆனால் பட்டினி கிடக்காதேங்கோ. பட்டினி கிடந்தால் கையிலை இருக்கிற தசைதான் முதலிலை கரையும். உங்களுக்குக் கைதான் கால். சோத்தைக் குறைச்சுக் கீரை, பயறு கூட எடுங்கோ. நாளுக்கொரு முட்டை கட்டாயம்."

இரண்டு தண்ணீர்ப் போத்தல்களில் மணல் நிரப்பிக் கைகளால் தூக்கி இறக்கினேன். நாற்காலியின் பிடிகளை அழுத்தி என் உடம்பை நானே எழுப்பப் பார்த்தேன். முதல் வாரங்களில் அசையவே இல்லை. ஆனை மாதிரி இருந்தேன்.

நிற்க முடியாதவளை எதில் நிறுப்பது? அதற்கும் இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கொடிகாமம் சந்தையில் வாழைக்குலை நிறுக்கிற பெரிய தராசில் என்னை நாற்காலியோடு ஏற்றி, பிறகு நாற்காலியின் நிறையைக் கழித்தார். என்ன செய்கிறீர்கள் என்று வியாபாரி கேட்டபோது, கதிரையை லொறியில் கொழும்புக்கு அனுப்ப வேணும், நிறை பார்க்கிறோம் என்றார் இவர்.

"அப்ப அக்கா ஏன் அதிலை இருக்கிறா?"

"அவவை இறக்க ஏலாது தம்பி."

சிரிக்கிறீர்கள். நாங்களும் ஓட்டோவில் வரும் வழியெல்லாம் சிரித்தோம். ஆனால் பாருங்கள்... மெலிய விரும்புகிறேன் என்ற ஒரு சின்ன உண்மையைச் சொல்ல எனக்கு ஏன் அத்தனை கூச்சம்? ஐம்பது வயதில், கால் வழங்காதவள் மெலிந்து ஆருக்குக் காட்டப் போகிறாள் என்று கேட்பார்களே. அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

முதல் பொய் பவளக்காவிடம்தான் சொன்னேன். அவர் தனியாள். புருசன் இல்லை, ஒரே மகள் கனடாவில். சமைத்துக் கொடுக்க அவருக்கு என்னை விட்டால் வேறு ஆளில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை சுடச்சுடப் பால்ரொட்டி கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். அவருடைய முகம் சுருங்கிவிட்டது.

"ஏன் ரீச்சர், என்ரை கைப்பாகம் இப்ப பிடிக்கேல்லையோ?"

எங்கள் ஊரில் சாப்பாட்டை மறுப்பது ஆளையே மறுப்பதுதான். என்ன சொல்வதென்று தெரியாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"இண்டைக்கு விரதம் அக்கா."

அந்த முகம் அப்படியே மலர்ந்தது! "முதலே சொல்லியிருக்கலாமெல்லே" என்று கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். கோபமில்லை, கட்டாயமில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு சுலபமாக ஒரு சாப்பாட்டில் இருந்து தப்பியதில்லை.

பிறகென்ன! செவ்வாய், வெள்ளி, சதுர்த்தி, பிரதோசம், ஏகாதசி, பறுவம்... எங்கள் சமயம் இந்த விசயத்தில் மிகவும் தாராளமானது. தேடினால் கிழமையில் பாதி நாளுக்கு ஒரு விரதம் அகப்படும். நான் எல்லாவற்றையும் பிடித்தேன், வாயால் மட்டும். கதவைச் சாத்திக்கொண்டு இவர் அவித்துத் தந்த முட்டையைச் சாப்பிட்டேன். கோதுகளை இவர் முருங்கை மரத்தடியில் கிடங்கு வெட்டித் தாட்டார்.

"முருகனுக்குத் தெரியாமல் அவிக்க ஏலாது," என்பார். "பவளக்காவுக்குத் தெரியாமல் அவிக்கலாம்."

நான் மெலிந்தேன். மெல்ல மெல்ல, ஆனால் மெலிந்தேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே இவர் ஒரு பலகையைச் சீவிப் போட்டார். ஒரு காலையில் அந்தப் பலகை வழியாக நானே கைகளை ஊன்றி நாற்காலிக்குப் போய்ச் சேர்ந்தேன். இவர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, என்னைத் தொடாமல் பக்கத்தில் நின்றார். பிறகு கிணற்றடியில் ஏதோ வேலை இருக்கிறதென்று போனார். ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் இருந்து அழுதேன். அந்தச் சந்தோசத்தை இன்றைக்கும் யாரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்...

கந்தசட்டிக்கு முந்தின நாள், கோயிலுக்கு மாலை கட்ட நாலைந்து பெண்கள் எங்கள் விறாந்தையில் கூடியிருந்தார்கள். பவளக்காவும் இருந்தார். "ரீச்சர், ஆறு நாளும் என்ன எடுப்பியள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

பாலும் பழமும் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நேரச் சோறு என்றிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, "மிளகும் தண்ணியும்தான்" என்றேன்.

ஏன் சொன்னேன்? என்னையே எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். விடை ஒன்றுதான். விழுந்த நாளில் இருந்து நான் "பாவம் ரீச்சர்". அன்று அந்தப் பெண்களின் கைகள் மாலையில் அப்படியே நின்றன. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இல்லை, மரியாதை இருந்தது. அந்த மரியாதைக்கு நான் ஆசைப்பட்டேன். மோதகத்துக்கு ஆசைப்பட்டதைவிடக் கேவலமாக ஆசைப்பட்டேன்.

பவளக்கா ஊசியைக் கீழே வைத்தார். "ரீச்சர் இந்த உடம்போடை மிளகும் தண்ணியுமாய் இருக்கேக்கை, காலும் கையும் உள்ள எனக்கென்ன? நானும் அப்பிடித்தான் பிடிக்கப் போறன்."

"உங்களுக்குச் சீனி வருத்தம் அக்கா. வேண்டாம்."

"முருகன் பார்ப்பான்."

"மருந்துக் குளிசை போடுறனியள்..."

"அவன் பார்ப்பான் ரீச்சர். உங்களைப் பார்க்கேல்லையே?"

இந்த இடத்தில் ஒரு வசனம் போதுமாக இருந்தது. 'அக்கா, நான் முட்டை சாப்பிடுகிறனான்.' அவ்வளவுதான். என் நாக்கு வரைக்கும் வந்தது. சுற்றியிருந்த பெண்களைப் பார்த்தேன். விழுங்கிவிட்டேன்.

நான்காம் நாள் காலை இவர் சந்தைக்குப் போயிருந்தார். நான் கட்டிலில் இருந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு முட்டை சாப்பிட்டேன். கட்டிலடி யன்னலால் பார்த்தால் ஒழுங்கை தெரியும். முந்தின நாள் மழையில் ஒழுங்கை ஈரமாகக் கிடந்தது. பவளக்கா வேலியோரத்துச் செவ்வரத்தையில் பூப் பறித்துக்கொண்டு நின்றார். ஒரு கையால் வேலியைப் பிடித்தார். பிறகு அப்படியே சரிந்தார்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். வாய் நிறைய முட்டை. விழுங்கவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. கையில் துப்பினேன். அடுத்ததாக நான் என்ன செய்தேன் தெரியுமா?

தட்டைத் தலையணைக்குக் கீழே ஒளித்தேன்.

அவர் சேற்றில் கிடக்கிறார்... நான் தலையணையைச் சரி செய்கிறேன். சில நொடிகள்தான். ஆனால் அந்த நொடிகளை இவருக்குக்கூட நான் சொன்னதில்லை. அன்று மாலை தலையணைக்குக் கீழே இருந்த தட்டை இவர் எடுத்துக் கழுவி வைத்தார்.

தட்டை ஒளித்த பிறகுதான் பலகையால் நாற்காலிக்குத் தாவினேன். சீமெந்துச் சரிவால் உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்கு இறங்கினேன். அவருடைய உடம்பெல்லாம் வியர்வை. கண் செருகியிருந்தது, உதடு ஏதோ முணுமுணுத்தது. குனிந்து தூக்க என்னால் முடியாது. தொண்டை கிழியக் கத்தினேன். "சிவம்! சீனித்தண்ணி! கெதியாய்ச் சீனித்தண்ணி கொண்டு வா!"

முன்வீட்டு ஓட்டோக்காரச் சிவமும் மனைவியும் ஓடி வந்தார்கள். அவரைத் தாங்கி இருத்திக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார்கள். அவரால் விழுங்க முடிந்தது. அதே ஓட்டோவில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். காலையில் வெறும் வயிற்றில் குளிசை போட்டிருக்கிறார், சீனி அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று டொக்டர் சொன்னாராம். உடனே சீனித்தண்ணீர் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று என்றும் சொன்னாராம்.

சீனித்தண்ணீர்தான் வேண்டுமென்று ரீச்சருக்கு எப்படித் தெரிந்தது என்று எல்லோரும் வியந்தார்கள். எப்படித் தெரிந்தது? இப்படி நடக்கும் என்று எனக்கு முதலே தெரியும். அதனால் தெரிந்தது.

ஊர் என்னைக் கொண்டாடியது. மிளகுத் தண்ணீரோடு இருந்த மனுசி தனியாய்க் கதிரையில் ஏறி வந்து உயிர் காப்பாற்றினாள் என்றது. முட்டை தந்த பலத்தில் வந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? அந்தப் பலம் இல்லாவிட்டால் கட்டிலிலேயே கிடந்து கத்தியிருப்பேன், உண்மைதான். என் பொய் இல்லாவிட்டால் அவர் விழுந்தே இருக்க மாட்டார், அதுவும் உண்மைதான். கணக்கு ரீச்சருக்கு இந்தக் கணக்கு மட்டும் இன்னும் சரிவரவில்லை.

அவர் பிழைத்தார். அந்த நிம்மதியை இறக்கும்வரைக்கும் மறக்க மாட்டேன். இரண்டு நாள் கழித்து, சூரன்போரன்று, ஆசுப்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், நம்புங்கள். "அக்கா, அந்த மிளகும் தண்ணியும்..." என்று தொடங்கினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என்ரை பக்தி காணாது ரீச்சர். உங்களைத் தாங்கினவன் என்னைத் தாங்கேல்லை. எனக்குள்ளை ஏதோ அழுக்கு இருக்கு."

மிச்சத்தை நான் சொல்லவில்லை.

இந்த வருடம் டொக்டர் அவருக்கு விரதமே கூடாதென்று சொல்லிவிட்டார். "எனக்கும் சேர்த்து நீங்கள் பிடியுங்கோ" என்று கேட்டார். நான் அவ்வளவு கடுமையாய்ப் பிடிக்கிறதில்லை அக்கா என்று சொல்லிப் பார்த்தேன். "பெரிய ஆக்கள் உப்பிடித்தான் சொல்லுவினம்" என்று சிரித்தார். ஓம், பிடிக்கிறன் என்றேன்.

இப்போது நானே குளிக்கிறேன், நானே கட்டிலில் ஏறுகிறேன். இவர் ஒன்றையும் தூக்குவதில்லை, தையல் இழுக்கவில்லை. காலையில் கண் விழிக்கும்போது உடம்பு லேசாக இருக்கிறது. உங்களிடம் சொன்ன பிறகு நெஞ்சும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லையே...

இன்று கந்தசட்டியின் இரண்டாம் நாள். காலையில் படலையடியில் குரல் கேட்டது. "ரீச்சர், பூ."

நானே உருட்டிக்கொண்டு போனேன். தட்டு நிறையச் செவ்வரத்தம் பூ. "உள்ளை வாங்கோ அக்கா," என்றேன்.

"இல்லை ரீச்சர். டொக்டர் சொன்னபடி காலமையே சாப்பிட்டுட்டன். சாப்பிட்ட வாயோடை விரத வீட்டுக்குள்ளை வரக் கூடாது."

படலைக்கு வெளியே நின்றபடியே தட்டை நீட்டினார். நான் பூவை மடியில் வாங்கிக்கொண்டேன். குசினிக்குள் முட்டை கொதிக்கிற சத்தம் என் காதுக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் கூப்பி என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.