எதுக்கும் ஒரு தடவை

வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தாலும் உட்சுகி சிசாகோவின் கையில் குடை இருக்கும். வீட்டை விட்டு இறங்குமுன் அணைத்த கேஸ் அடுப்புக்கு நேரே விரலை நீட்டி, "சரி!" என்று வாய்விட்டுச் சொல்வாள். தெருமுனை வரை போனபின், "எதுக்கும் ஒரு தடவை" என்று திரும்பி வந்து மறுபடி நீட்டுவாள். ஜப்பானில் இந்தக் கோபே ஊரில் பாதிப்பேர் இப்படித்தான், அவளை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தக் குணத்தால்தான் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அத்தனை நல்ல பெயர். செல் வளர்க்கிற வேலையிலேயே தலை நரைத்தவள். அவள் கை பட்ட வளர்ப்புத் தட்டு கெட்டதாகச் சரித்திரமே இல்லை என்பார்கள்.

அவள் அண்ணன் இவாவோ முடிவெட்டும் கடைக்காரன். விழித்திரைச் செல்கள் செத்துச் செத்து, பார்வையின் நடுப்பகுதி கரைந்துகொண்டே வந்தது.

"உன் காது ரெண்டும் ஜோராத் தெரியுது சிசா. நடுவுல இருக்க வேண்டிய மூஞ்சியத்தான் காணோம்."

"நல்லதாப் போச்சு. கெழடு தட்டின மூஞ்சிய நீ பாக்க வேணாம்."

"எனக்குச் சரி. சவரத்துக்கு வர்றவன் மூஞ்சிய எங்க போய்த் தேடறது?"

வலது கண் போய்விட்டது. இடது கண்ணை இன்னும் காப்பாற்றலாம். அவன் ரத்தத்திலிருந்தே, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் உண்டாக்கி, அதை விழித்திரைச் செல்லாக மாற்றி உள்ளே வைப்பதாக ஏற்பாடு. கோடைக்குள் வைக்க வேண்டும், அதைத் தாண்டினால் வைத்தும் பயனில்லை என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

செல் மாறிவிட்டதா என்று கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பழைய வழியில் கொஞ்சம் கிள்ளியெடுத்துச் சாயம் ஏற்றுவார்கள். விஷயம் தெரிந்துவிடும், ஆனால் கிள்ளின செல் செத்துப்போகும். இளம் டாக்டர் கஜித்தானி கொண்டுவந்த கருவிக்கு அந்த வம்பே கிடையாது. மூடி போட்டபடியே தட்டுக்குள் மெல்லிய ஒளியை அனுப்பி, செல்லுக்குள் அது எப்படி வளைகிறது என்று பார்த்தே மாறினதையும் மாறாததையும் பிரித்துவிடும். இதுவரை அது பொய் சொன்னதில்லை.

இவாவோவுக்காக வளர்த்ததில் ஒரே ஒரு தட்டுதான் தேறியது. ஒருநாள் காலையில் கருவியின் திரை முழுக்கப் பச்சை.

"மாறிருச்சு உட்சுகி-சான்! அடுத்த வாரம் ஆபரேஷன். யாரும் மூடியத் தொடக் கூடாது. முக்கியமா நீங்க. அண்ணன் தட்டு, உங்க கை சும்மா இருக்காது."

"நான் என்ன சின்னப் புள்ளையா டாக்டர்?" என்று சிரித்தாள்.

கை சும்மா இருக்கவில்லை. மாறின செல் பழுப்பேறும், அவள் கண்ணுக்கு இந்தத் தட்டில் இன்னும் பழுப்பு ஏறவில்லை. மாறாத செல் ஒன்று உள்ளே போனால் கட்டியாக வளரும். அண்ணன் கண்ணுக்குள் கட்டியா! யாரோ ஒருத்தருடைய தட்டாக இருந்தால் ஒளியை நம்பியிருப்பாள். எதுக்கும் ஒரு தடவை என்று மூடியைத் திறந்தாள். ஓரத்தில் துளி எடுத்தாள். மூடுவதற்கு முன்னால், பாழாய்ப்போன பழக்கம், திறந்த தட்டுக்கு மேலே விரலை நீட்டி, "சரி!" என்றாள்.

சாயமும் ஒளி சொன்னதையேதான் சொன்னது. அத்தனையும் மாறியிருந்தது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் தட்டு கலங்கிக் கிடந்தது. பூஞ்சை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. நீட்டின விரலிலிருந்து விழுந்ததா, சட்டைக் கையிலிருந்தா, யார் கண்டது? திறக்காமல் இருந்திருந்தால் விழுந்திருக்காது. கஜித்தானி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மறுபடி முதலிலிருந்து வளர்த்தால் அடுத்த வருஷம் ஆகிவிடும். கோடை யாருக்காகவும் காத்திருக்காது.

அண்ணன் கடைக்குப் போனாள். கத்திரியெல்லாம் பெட்டிக்குள் இருந்தன. நாற்காலியில் அவனே உட்கார்ந்திருந்தான்.

"நான்தாண்ணே கெடுத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. நம்பாமத் திறந்துட்டேன்."

"மெஷின் சரின்னு சொல்லலையா?"

"சொல்லுச்சு."

"பெறகென்ன?"

"எதுக்கும் ஒரு தடவைன்னு..."

"வேற எவனாவதா இருந்தா கத்தியத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன்" என்றான். "உன்ன என்ன பண்றது? மழை பெய்யாத நாள்லயும் எனக்குக் குடை கொண்டாந்தவ." எழுந்து தடவித் தடவி அவளைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தான். சவரத்துக்கு வந்தவனைத் தொடுவதுபோல நெற்றி, புருவம், மூக்கு, தாடை என்று இரண்டு கையாலும் மெல்லத் தடவினான். விரலெல்லாம் ஈரம்.

"என்னண்ணே பண்ற?"

"உன் மூஞ்சி மறந்துறக் கூடாதுல்ல" என்றான். "எதுக்கும் ஒரு தடவை."