மூன்று ரீசெட்

துர்கா பூஜை சஷ்டியன்று காலை, கொல்கத்தா விமான நிலையத்தில் ஒரு விமானத்தின் வயிற்றுக்கு அடியில் நின்றுகொண்டு, கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். பொறியாளர் கையெழுத்து இல்லாமல் விமானம் நகராது. பாக்டோக்ரா போய் அங்கிருந்து மலையேற வேண்டியவர்கள் ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காத்திருந்தார்கள்.

நான் ஏவியானிக்ஸ் பொறியாளர். விமானத்தின் கண், காது, வாய் எல்லாம் என் பொறுப்பு. இறக்கையும் சக்கரமும் வேறு ஆட்களுடையவை. அன்று தகராறு செய்தது ரேடியோ ஆல்டிமீட்டர். இறங்கும்போது தரை இன்னும் எவ்வளவு கீழே இருக்கிறது என்று விமானிக்குச் சொல்லும் கருவி அது. விமானத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று இருக்கும். இந்த விமானத்தில் இடப்பக்கத்துக் கருவி இறங்குகிற நேரத்தில் தாறுமாறாக உயரம் காட்டுவதாக விமானி எழுதியிருந்தார். நான்கு நாளில் அது நான்காவது புகார்.

முதல் நாள் புகாரைப் பார்த்தது நான்தான். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கருவிக்கு மின்சாரம் தரும் சின்னக் கறுப்புப் பொத்தானை வெளியே இழுப்போம். இரண்டு மிடறு டீ குடிப்போம். மறுபடி அமுக்குவோம். கருவி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ‘சரி’ என்று பச்சை காட்டும். ‘ரீசெட் செய்யப்பட்டது, சோதனை சரி’ என்று விமானத்தின் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நானும் போட்டேன். இரண்டாம் நாள் என் சக பொறியாளர், ஒரு வங்காளி, கருவியின் இடது பெட்டியை வலப்பக்கமும் வலது பெட்டியை இடப்பக்கமும் மாற்றி வைத்து ரீசெட் செய்தார். மூன்றாம் நாள் இன்னொருவர் வெறும் ரீசெட்.

நான்காம் நாள் அந்தப் பக்கங்களை வரிசையாகப் புரட்டியபோது எனக்கு முகம் சுட்டது. பெட்டிகளை இடம் மாற்றிய பிறகும் அதே இடப்பக்கம்தான் பொய் சொல்கிறது. அப்படியென்றால் பொய் பெட்டியில் இல்லை, வயிற்றின் வெளியே பொருத்தியிருக்கும் ஆன்டெனாவிலோ வயரிலோ இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். மூன்றாம் நாள் பதிவேட்டின் முந்தைய பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதும். முதல் நாளே நான் காரணத்தைத் தேடியிருந்தால் அதுவும் வேண்டியிருக்காது. ஆன்டெனாவைக் கழற்றிப் பார்த்து, திரும்ப ஒட்டி, பசை காய அரை நாள் ஆகும். பழுது என்றே எழுதிவிட்டுச் சில நாள் பறக்க விதியில் இடம் உண்டுதான். ஆனால் மோசமான வானிலைக்கு அந்தச் சலுகை செல்லாது. பாக்டோக்ராவில் அன்று நல்ல மழை.

எங்கள் மேலாளர் தூத்துக்குடிக்காரர். எல்லோரிடமும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். என்னிடம் தமிழில் பேசினால் ஏதோ காரியம் ஆக வேண்டும் என்று அர்த்தம்.

“ஏம்மா, சாப்டியா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

“சாப்டேன் சார். கையெழுத்துப் போட மாட்டேன்.”

“நான் இன்னும் ஒண்ணுமே கேக்கலையே.”

“தமிழ்ல கேட்டீங்களே சார்.”

அவர் சிரிக்கவில்லை. “டெஸ்ட் பாஸ் ஆகுதா இல்லையா?”

“தரையில பாஸ் ஆகும். இங்க நின்னுக்கிட்டு உயரம் பூஜ்யம்னு சொல்றதுக்குக் கருவி எதுக்கு? எங்க பக்கத்து வீட்டு மாஷிமாவே சொல்லிடுவாங்க.”

“முதல் கையெழுத்து உன்னோடதுதானே? அன்னைக்கு இனிச்சுது, இன்னைக்குக் கசக்குதா?”

சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அவர் மேல், பாதி என் மேல்.

“அன்னைக்குப் பண்ணது தப்பு சார். ஒரு தடவை பண்ணிட்டேன்கிறதுக்காக இன்னொரு தடவை பண்ணணுமா?”

“கம்பெனி குடுத்த சைனிங் அனுமதியைக் கம்பெனி எடுத்துக்கவும் செய்யும். யோசிச்சுக்கோ.”

யோசித்தேன். துறைமுக வேலையில் மாற்றலாகி வந்த அப்பாவோடு இந்த ஊருக்கு வந்தவள் நான். பெண்பிள்ளைக்கு ஸ்க்ரூடிரைவர் எதற்கு என்று கேட்ட சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லாமல், லேக் கார்டன்ஸ் வீட்டில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்து, பேப்பர் பேப்பராகத் தேறி வாங்கிய உரிமம். அதன் மேல் கம்பெனி தரும் அனுமதி போய்விட்டால் நான் விமானத்தைத் தொடலாம், சரி என்று சொல்ல முடியாது. அந்த ‘சரி’தான் என் வேலை. அது போய்விடுமோ என்று பயந்தேன். பயந்துகொண்டே சின்ன ஏணியை எடுத்து வரச் சொன்னேன்.

மேலாளர் பேனாவை வங்காளிப் பொறியாளரிடம் நீட்டினார். அவர் பேனாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “தீதி முதல்ல கழட்டிப் பாக்கட்டும்” என்று வங்காளத்தில் சொல்லிவிட்டு ஏணியைப் பிடிக்கப் போய்விட்டார்.

திருகுகளைக் கழற்றி, பசையைக் கீறி, ஆன்டெனாவை இறக்கினேன். அதற்குள்ளிருந்து தண்ணீர் என் சட்டைக் கைக்குள் ஓடி முழங்கை வரை வந்தது. இணைப்பு முனை முழுக்கப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. விமானம் நிற்கும்போது அந்தத் தண்ணீர் ஓரமாகக் கிடக்கும். இறங்குவதற்காக மூக்கைத் தாழ்த்தினால் முனைக்கு ஓடி வரும். அந்தத் தண்ணீர் நான்கு நாளாகப் பயணிகளோடு பறந்திருக்கிறது, முதல் நாள் என் கையெழுத்தோடு.

பயணிகளை வேறு விமானத்துக்கு மாற்றினார்கள். மேலாளர் மறுபடி தமிழுக்கு வந்தார். “வழக்கமான சோதனையில கண்டதுன்னு எழுதிடும்மா. பழசைக் கிளற வேண்டாம். மூணு பேருக்கும் நல்லது, உனக்கும்தான்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். முதல் மூன்று முறையும் காரணத்தைத் தேடாமல் ரீசெட் மட்டுமே செய்யப்பட்டது, முதல் முறை செய்தவள் நான் என்று எழுதினேன். எழுத்து அசிங்கமாக வந்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அஷ்டமியன்று கடிதம் வந்தது. விசாரணை முடியும் வரை கையெழுத்திடும் அனுமதி நிறுத்தம். எனக்கு மட்டும்தான், மற்ற இருவருக்கும் எச்சரிக்கையோடு முடிந்தது. தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசும் என் மகள், பந்தலுக்குக் கிளம்பிக்கொண்டே கேட்டாள்.

“மா, ஸ்கூல்ல சஸ்பெண்ட் பண்ற மாதிரியா?”

“அதேதான்.”

“நீ என்ன பண்ணே?”

“ஒரு நாள் வேலை பாக்கல. இன்னொரு நாள் பாத்தேன். பாத்ததுக்குத்தான் லெட்டர்.”

காளி பூஜை முடிந்து விசாரணை நடந்தது. அலிப்பூரில் ஒரு குளிரூட்டப்பட்ட அறை, மேசைக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் விசாரணைக் குழு, மூன்று பேர். என் பதில்களை அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். முதல் நாளே பழுதை ஏன் கண்டுபிடிக்கவில்லை என்ற கேள்விக்கு, அன்றைய அறிகுறிகளைக் கொண்டு கண்டுபிடிக்க வாய்ப்பில்லை என்று நீளமாக ஒரு பதில் இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் கம்பெனிக்கும் கெட்ட பெயர் இல்லை, அனுமதியும் அடுத்த வாரமே திரும்பிவிடும் என்று மேலாளர் வாசலிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தப் பத்தியை அடித்துவிட்டு, ‘நான் தேடவில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன்.

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இது பதிவானால் அனுமதி திரும்பக் கிடைக்காமலே போகலாம், தெரியுமா என்றார்.

“தெரியும். பதிவு பண்ணுங்க” என்றேன்.