கோடு விழாமல் போன நாய்

எங்கள் நாய்க் காப்பகத்தில் அக்காவுக்குப் பெயர் பச்சைக்கோடு. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டுவிட்டால், அன்று முழுக்க அவர் கண்ணில் படாமல் இருப்பது உடம்புக்கு நல்லது. நான் இங்கே வண்டி ஓட்டுகிறவன். பதினோரு வருடமாகப் பார்க்கிறேன், டாக்டரே அவரிடம் மறுபேச்சுப் பேசியதில்லை.

ஆபரேஷன் அறையில் அவர் உதவியாளர். நாயின் வயிற்று முடியை மெஷினால் மழிப்பது, ஊசி போடக் காலைப் பிடிப்பது, மயக்கம் தெளியும்வரை பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு சரியாக ஓடுகிறதா என்று நாக்கின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எல்லாம் அவர் வேலை. கருத்தடை முடிந்ததும் தையலுக்குப் பக்கத்தில் பச்சை மையால் ஒரு சின்னக் கோடு குத்துவார்கள். ஆயுசுக்கும் அழியாது. தெரியாமல் இன்னொருவர் அதே வயிற்றை மறுபடி திறந்துவிடக் கூடாது, அதற்குத்தான்.

தத்தெடுத்த நாயோடு யார் வாசலுக்கு வந்தாலும் அக்கா அதைப் புரட்டிக் கோட்டைக் காட்டுவார். கோடு இல்லையென்றால் கேட் திறக்காது. நாங்களே பிறகு செய்துகொள்கிறோம் என்று முன்பு கூட்டிப் போனவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அந்த எரிச்சல் அவருக்கு. பெரிய இடத்திலிருந்தெல்லாம் போன் வந்திருக்கிறது. பாச்சா பலிக்கவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு முறை வழுக்கினார். வந்து நின்றது சொந்த அண்ணன்.

அண்ணன் மகளுக்கு ஒரு பழுப்புப் பெட்டை நாய் பிடித்துப்போயிற்று. அதற்கு அப்போது இருமல். மயக்க மருந்து கொடுக்க முடியாது, பத்து நாள் போகட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தை அழ ஆரம்பித்தது. அண்ணன் கேட்டார், "பாப்பா, என்னைக் கூடவா நம்ப மாட்ட? பத்து நாள்ல நானே கூட்டிட்டு வரேன்."

நாற்பத்தைந்து வயதிலும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான். அக்கா தலையை ஆட்டினார், கேட் திறந்தது. திறந்தவன் நான்.

பத்து நாள் ஒரு மாதமாயிற்று. அக்கா போன் செய்தபோதெல்லாம் அண்ணனுக்குத் தலைக்கு மேல் வேலை. பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

ஏழு மாதம் கழித்து ஒரு மழைநாள் காலையில் கேட் ஓரமாக ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே ஒன்பது குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை, குளிரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தாய்ப்பால் இல்லாமல் இவை ரெண்டு நாள் தாங்கினால் அதிசயம் என்றார் டாக்டர். அக்கா குட்டிகளைச் சூட்டுக்கு மாற்றிவிட்டு, அடியில் விரித்திருந்த துணியை உருவினார். மஞ்சள் படுக்கை விரிப்பு. ஓரத்தில் இஸ்திரிப்பெட்டி சுட்ட முக்கோணத் தழும்பு.

அந்தத் தழும்பைப் போட்டதே அக்காதான். அண்ணன் வாடகைக்குப் புதுவீடு போன அன்று ஒத்தாசை செய்யப் போய்ச் சுட்டுவிட்டார். அண்ணி இன்றுவரை சொல்லிக் காட்டுவாராம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா முகத்தில் கோபமே இல்லை, அவசரம்தான் இருந்தது. நேரே மேலாளர் அறைக்குப் போனார். வாயை மூடிக்கொண்டிருந்தால் விஷயம் என்னோடு போயிருக்கும்.

"கோடு விழாம ஒண்ண நான்தான் வெளிய அனுப்பிச்சேன். என் அண்ணன் வீட்டுக்கு. தாய் அங்கதான் இருக்கு, வண்டி வேணும். என்னை வேலையில வெச்சுக்கறதா வேண்டாமான்னு அப்புறமா முடிவு பண்ணிக்குங்க" என்றார்.

மேலாளர் வண்டிச் சாவியை நீட்டினார்.

அண்ணன் வீட்டுப் பின்கட்டில் அந்த நாய் பால் கட்டி, ஊளையிட்டுக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டார் சண்டை, வீட்டுக்காரர் மிரட்டல் என்று அண்ணன் ஒரு கதையை ஆரம்பித்தார். அக்கா அவரைப் பேசவிடவில்லை. "அண்ணா, கதை அப்புறம். முதல்ல இவள வண்டியில ஏத்து."

அண்ணனே தூக்கி ஏற்றினார். காப்பகத்துக்கு வந்து சேர்ந்து, தாயின் மணம் பட்டதும் குட்டிகள் கிடந்த இடத்திலிருந்து நெளிந்தன. ஏழு தேறின. மீதி இரண்டை அக்காவே தோட்டத்தில் புதைத்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். மேலாளர் அவரை வேலையிலிருந்து தூக்கவில்லை. கேட் சாவியை மட்டும் வாங்கி, நம்பிக்கையான ஆள் என்று என்னிடம் கொடுத்தார். நல்ல ஆளைப் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்து, குட்டிகள் பால் மறந்து, தாய்க்கு ஆபரேஷனும் முடிந்து, அதைக் கூட்டிப் போக அண்ணன் தன் மகளோடு வந்தார். அக்கா நாயைப் புரட்டிப் பச்சைக்கோட்டைக் காட்டினார். அண்ணன் குனிந்து பார்த்தார். அதற்குள் குழந்தை ஒரு கறுப்புக் குட்டியை வாரி எடுத்து, இதுவும் இன்றே வேண்டும் என்று அடம்பிடித்தது. நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணன் தன் மகளிடமிருந்து குட்டியை வாங்கி, தானே புரட்டினார். வயிறு வழுவழுவென்று இருந்தது, கோடு இல்லை. அதைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதுக்கு இன்னும் எத்தனை நாள் பாப்பா?"

"ஒரு மாசம்."

"சரி, இங்கயே இருக்கட்டும். நான் வரேன்."

 இந்த 'வரேன்' அக்காவுக்குப் பழக்கப்பட்டதுதானே.

ஒரு மாதம் கழித்து ஆபரேஷன் அன்று டாக்டருக்கு முன்பே அண்ணன் வந்துவிட்டார். வேலைக்கு லீவு போட்டிருந்தார். அன்று மயக்கம் தெளியும்வரை குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அக்கா இல்லை, அவர்தான்.